கிராம வீட்டின் ஆழ்துளைக் கிணறு: அடிக்கணக்கைத் தாண்டிச் சில கணக்குகள்

உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் நாடு நமது நாடு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஓராண்டில் நாம் நிலத்திலிருந்து எடுக்கும் நீர் ஏறக்குறைய 24,500 கோடி கன மீட்டர். இதில் சுமார் 87 சதவீதம் பாசனத்துக்கும், 11 சதவீதம் வீட்டு உபயோகத்துக்கும், எஞ்சியது தொழில்களுக்கும் செல்கிறது. வீட்டுத் தேவையின் பங்கு சிறிதே. ஆயினும் கிராமங்களின் குடிநீரில் மிகப்பெரும் பகுதி நிலத்தடியிலிருந்தே வருகிறது. பாசனத் துளைகள் நீர்மட்டத்தைக் கீழே தள்ளும்போது முதலில் தவிப்பது வீட்டுக் குடமே.

ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய் மூலம் நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் நீர் வழங்கும் நோக்குடன் 2019இல் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கப்பட்டது. எனினும் ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடுகளும் பண்ணைக் குடியிருப்புகளும் இன்றும் சொந்த ஆழ்துளைக் கிணற்றையே நாடுகின்றன. மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் பரவிக் கிடக்கும் தக்காண பீடபூமியில் இது அன்றாடக் காட்சி. சிறு விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு இது பல ஆண்டுச் சேமிப்பையோ, பெருங்கடனையோ விழுங்கும் செலவு. அந்தச் செலவு பயன் தருமா என்பதைத் தீர்மானிப்பது துளையின் ஆழம் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. துளையிடுவோருக்குக் கட்டணம் அடிக்கணக்கில் கிடைக்கிறது. குடும்பத்துக்கு நீர் அடிக்கணக்கில் கிடைப்பதில்லை. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறை நாட்டின் இயல்பு

நமது நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடினப் பாறையால் ஆனது. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் மணல் படுகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அங்கு மணல் துகள்களின் இடைவெளிகளில் நீர் பரவலாக நிறைந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் துளையிட்டால் நீர் கிட்டும். தக்காணத்தின் நிலை வேறு. கருங்கல்லும், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட்டும் தம்மளவில் நீரைத் தேக்கி வைக்கும் தன்மை அற்றவை. அவற்றில் நீர் தங்குமிடங்கள் இரண்டே. ஒன்று, மேல் மண்ணுக்குக் கீழே வெயிலாலும் மழையாலும் சிதைந்து தளர்ந்த பாறை அடுக்கு. மற்றொன்று, அதற்கும் கீழே உள்ள பாறையில் ஓடும் வெடிப்புகளும் பிளவுகளும்.

சிதைந்த அடுக்கே நீரைச் சேமிக்கும் தொட்டி; பிளவுகளோ அந்நீரைத் துளைக்குக் கொண்டுவரும் வாய்க்கால்கள். ஆழம் செல்லச் செல்ல மேற்பாறையின் அழுத்தத்தால் பிளவுகள் பொதுவாக ஒடுங்கி, எண்ணிக்கையிலும் குறைகின்றன. எனவே முதல் நூறு மீட்டருக்குள் நல்ல பிளவைச் சந்திக்காத துளை, அடுத்த நூறு மீட்டரில் சந்திக்கும் வாய்ப்பு பெருகுவதில்லை; குறைகிறது. கர்நாடகத்தின் கோலார் போன்ற மாவட்டங்களில் முந்நூறு மீட்டரையும் தாண்டித் துளையிடப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் ஆழத்தில் வளம் மிகுந்திருப்பதன்று. மேலடுக்குகளின் நீர் தீர்க்கப்பட்டதே.

துளையிடும் முறை வளர்ந்த வரலாறு

கனத்த உளியைக் கம்பி வடத்தில் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைக்கும் பழைய முறையில் ஒரு துளைக்கு வாரங்களும், சில வேளை மாதங்களும் ஆயின. 1966-67இல் பீகாரைத் தாக்கிய கடும் வறட்சி இந்நிலையை மாற்றியது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவிகளை 1967இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. இம்முறையில், சம்மட்டி துளையின் அடியிலேயே இருந்து இயங்குகிறது. கம்ப்ரசரிலிருந்து கம்பிகளின் உட்புறம் வழியாக இறங்கும் அழுத்தக் காற்று சம்மட்டியை இயக்க, அதன் முனையில் பதித்த கடின உலோகக் குமிழ்கள் பாறையை நொறுக்குகின்றன. அதே காற்று பாறைத் தூளையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளுக்குள் அடங்கியது.

துளை விரைந்து அமைந்தாலும், நீரை மேலே கொணரும் கைப்பம்பு பின்தங்கியது. தனி வீட்டுக்கென அமைந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஊர் முழுவதன் பயன்பாட்டைத் தாங்காமல் உடைந்தன. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் வட்டாரங்களில் தொண்டு அமைப்புகள் உருவாக்கிய உறுதியான பம்புகளை அடியொற்றி, 1970களில் 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு சென்னையில் வடிவம் பெற்றது. பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் இதனைத் தயாரித்தது. பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது. இன்று தக்காணத்தின் ஊர்களில் சுற்றிவரும் ரிக் வண்டிகளில் கணிசமானவை நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைச் சேர்ந்தவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இடம் தேர்தல்

ஒரு நாளில் முடிந்துவிடும் வேலை என்பதால், அதற்கு முன்னர் செய்ய வேண்டிய ஆய்வையும் ஒரு நாழிகையில் முடித்துவிடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. தேங்காயையோ வேப்பங்குச்சியையோ கையில் ஏந்தி நீரோட்டம் பார்க்கும் முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் கண்ணால் கண்டறியத்தக்க குறிகள் உண்டு. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் குறித்துத் தனி அத்தியாயமே உள்ளது. மரங்களும் கறையான் புற்றுகளும் அதில் குறிகளாகக் கொள்ளப்படுகின்றன. இன்றைய முறை மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, சுற்றுவட்டாரக் கிணறுகளின் கணக்கு. அரை கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஒவ்வொரு துளையின் ஆழம், உறைக்குழாயின் நீளம், நீர் கிட்டிய மட்டம், கோடையில் வற்றுமா என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டு எழுத வேண்டும். வற்றிய துளைகளையும் சேர்த்தே எழுதுதல் இன்றியமையாதது. இரண்டாவது, நிலத்தின் அமைப்பு. மேட்டு நிலத்தைவிடத் தாழ்வான நிலமும், ஓடையோரமும், சிதைந்த பாறை தடித்திருக்கும் இடமும் ஏற்றவை. மூன்றாவது, மின் தடை ஆய்வு. நிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு மண்ணும் பாறையும் காட்டும் தடையை அளந்தால், சிதைந்த அடுக்கின் தடிமனை மதிப்பிடலாம். இந்த ஆய்வு வாய்ப்பை உயர்த்துமேயன்றி உறுதியளிக்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கழிப்பறைக் குழியும் மாட்டுத் தொழுவமும் துளையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருப்பது நல்லது. பிளவுபட்ட பாறையில் கழிவு விரைந்து பரவுமாதலால் இத்தொலைவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நன்மை.

துளையிடும்போது கவனிக்க வேண்டியவை

மேல் மண்ணும் சிதைந்த பாறையும் சரிந்து விழாதிருக்கக் கேசிங் எனப்படும் உறைக்குழாய் இறக்கப்படுகிறது. அது கெட்டிப் பாறையில் உறுதியாக அமர வேண்டும். உறைக்குழாய்க்கும் அடிக்கணக்கில் விலை உண்டு; ஆகவே செலவைக் குறைக்க எண்ணி அதனைப் பாதியில் நிறுத்துவோர் உண்டு. பின்னர் மண் சரிந்து பம்பு சிக்கிக்கொண்டால் துளை முழுவதும் வீணாகும். உறைக்குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெளியின் மேற்பகுதியைச் சிமெண்டுக் குழம்பாலோ பசைக் களிமண்ணாலோ அடைத்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. இதனைச் செய்யாவிட்டால் மழை நீரும் கழிவும் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நேரே கீழிறங்கும். எவ்வளவு ஆழத்து நீரும் அதனால் கெடும்.

ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் வெளிவரும் தூளின் நிறம், பாறையின் வகை, இறங்க ஆன நேரம், நீர் வந்த ஆழம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். கருங்கல்லின் சாம்பல் நிறத் தூள் திடீரெனப் பழுப்பானால் அது நீர் பாய்ந்த பிளவின் அறிகுறியாகலாம். பசால்ட் அடுக்குகளுக்கு இடையே வரும் செங்களிமண் சரியக்கூடியது. இந்த ஒரு தாள், பின்னாளில் பம்பை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லும். அடுத்த வீட்டார் துளையிடும்போது வழிகாட்டும். பல ஊர்களில் நூற்றுக்கணக்கான துளைகள் இருந்தும் இத்தகைய குறிப்பு ஒன்றுகூட இல்லாதது பெருங்குறை.

எவ்வளவு நீர் போதும்?

துளையிடும் இடத்தில் கூடியிருப்போர் நீரை அங்குலக் கணக்கில் கூறுவர். இதன் பொருளை அறிந்தோர் சிலரே. வெளிவரும் நீரை 90 பாகைக் கோணத்தில் 'வி' வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே ஓடவிட்டு, வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் நிற்கும் உயரத்தை அளப்பதே இம்முறை. ஓர் அங்குலம் என்பது நிமிடத்துக்குச் சுமார் 8½ லிட்டர். இரண்டு அங்குலம் சுமார் 48 லிட்டர். மூன்று அங்குலம் 130 லிட்டருக்கு மேல். உயரம் இரு மடங்கானால் நீர் ஐந்து மடங்குக்கும் அதிகமாகிறது.

இனி வீட்டின் தேவையைப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 275 லிட்டர் தேவை. ஓர் அங்குல நீர், நிலைத்து வருமானால், இதனை ஏறத்தாழ அரைமணி நேரத்தில் தந்துவிடும். நாலைந்து மாடுகளைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஆகவே வீட்டுக் கிணற்றைப் பொறுத்தவரை, ஓர் அங்குல நீர் கண்ட துளை தோல்வியன்று. அதனைத் தோல்வி எனக் கருதி மேலும் நூறு மீட்டர் இறங்குவோர், இல்லாத தேவைக்காகக் கடன்படுகின்றனர். எந்த ஆழத்தில், எவ்வளவு நீர் கிட்டினால் நிறுத்துவது என்பதைத் துளையிடுவதற்கு முந்திய நாளே குடும்பத்தார் கூடி முடிவு செய்து, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசைக்கு எல்லை கட்டுதல் எளிதன்று.

நீர் நிலைக்குமா?

துளையிட்ட அன்று பீறிட்டு வரும் நீர் நம்பத்தக்க அளவுகோல் அன்று. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளையே ஒரு தொட்டியாகும். 165 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குல விட்டமுள்ள துளையின் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 21 லிட்டர் நீரைத் தாங்கும். 80 மீட்டர் துளையில் நீர்மட்டம் 20 மீட்டரில் நிற்குமானால், 60 மீட்டர் நீர்த்தூணில் 1,280 லிட்டர் அளவுக்கு நீர் இருக்கும். நிமிடத்துக்கு 48 லிட்டர் இறைக்கும் பம்பு, பாறையிலிருந்து ஒரு சொட்டும் ஊறாத நிலையிலும் இதனை 25 நிமிடத்துக்கு மேல் இறைத்துக் காட்டிவிடும். அரைமணி நேரச் சோதனையை நம்பிப் பெரிய பம்பு வாங்குவோர் ஏமாறுவதன் காரணம் இதுவே.

எனவே சோதனை சில மணி நேரம் தொடர வேண்டும். ஒரே வேகத்தில் இறைத்தவாறு, குறித்த இடைவெளிகளில் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மட்டம் ஓரிடத்தில் நிலைகொண்டால் ஊற்றும் இறைப்பும் சமம் என்று பொருள். தொடர்ந்து இறங்கினால் இறைப்பைக் குறைத்தாக வேண்டும். நிறுத்திய பின் மட்டம் எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதும் ஊற்றின் வலிமையைக் காட்டும். மழைக்காலத்து அளவைவிடக் கோடை அளவே உண்மையான அளவு. பம்பின் திறன் ஊற்றின் திறனுக்கு உட்பட்டிருக்க வேண்டும். மிஞ்சினால் நீரின்றி ஓடி மோட்டார் எரியும்.

நீரின் தரம்

தெளிந்த நீரெல்லாம் குடிநீர் ஆகாது. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு மிகையால் பல தலைமுறையினர் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டனர். ஃப்ளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. காய்ச்சினால் அது நீங்காது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து அதனைக் குறைக்கும் 'நல்கொண்டா முறை'யை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீர் கிட்டாதபோது 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். நைட்ரேட்டின் எல்லை 45 மில்லிகிராம். அது மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு வழியில்லையெனில் 2,000 வரை ஏற்கப்படும். மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றும் இருத்தலாகாது.

புதிய துளையை முதலில் குளோரினால் தூய்மைப்படுத்த வேண்டும். துளையில் உள்ள நீர் ஆயிரம் லிட்டராயின், 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 150 கிராம் கரைத்து ஊற்றினால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவு கிட்டும். ஓரிரவு விட்டு, மறுநாள் குளோரின் நெடி நீங்கும்வரை இறைத்து வெளியேற்றிய பின்னரே மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் கிராமந்தோறும் பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. அவர்கள் பொதுக் குழாய்களோடு வீட்டுத் துளைகளையும் ஆண்டுதோறும் சோதித்தல் பயனளிக்கும்.

மூடாத துளை ஒரு பொறி

நீர் கிட்டாத துளை பெரும்பாலும் கைவிடப்படுகிறது. நட்டத்தைக் குறைக்க உறைக்குழாயை உருவி எடுத்துக்கொண்டு, துளையின் வாயை ஒரு சாக்கினாலோ கல்லினாலோ மூடிச் செல்கின்றனர். சிறு குழந்தையொன்று வழுக்கி விழுவதற்கு ஓரடி அகலமும் தேவையில்லை. இத்தகைய துயரங்கள் நாட்டின் பல மாநிலங்களில் நேர்ந்துள்ளன.

இதனைத் தடுக்க 2010இல் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி, நில உரிமையாளர் 15 நாட்களுக்கு முன்னரே உரிய அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணி நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகையும், சுற்றிலும் வேலியும் அமைய வேண்டும். உறைக்குழாயைச் சுற்றி, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழ் 30 சென்டிமீட்டரும் உள்ள சிமெண்டு மேடை கட்ட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ, திருகாணியிட்ட மூடியாலோ அடைக்க வேண்டும். பம்பைப் பழுது பார்க்கும்போதும் துளை திறந்து கிடத்தலாகாது. கைவிடப்பட்ட துளையைக் களிமண், மணல், கற்கள் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

துளைத்தபோது வெளிவந்த தூளையே கொண்டு நிரப்பலாமாதலால் இதற்குப் பெருஞ்செலவு இல்லை. துளையை நிரப்பிய பின்னரே கட்டணத்தின் இறுதித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதினால், இவ்விதி தானே நிறைவேறும்.

அண்டை வீட்டின் நீர்

1882ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், நிலத்துக்கு உரியவரே அதன் அடியிலுள்ள நீருக்கும் உரியவர் என்ற கருத்து நிலைபெற்றது. பாறைப் பிளவுகளோ வரப்புகளை அறியா. மத்திய அரசு 1970இலேயே மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பி, பின்னர் பலமுறை திருத்தியது. மகாராஷ்டிரம் 1993இல் இயற்றிய சட்டம், பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் அனுமதியின்றிக் கிணறு தோண்டுவதைத் தடுத்தது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள் தனி வீடுகளின் குடிநீர்த் தேவைக்குத் தடையின்மைச் சான்றிலிருந்து விலக்கு அளிக்கின்றன. இவ்விலக்கு, மாநில விதிகளிலிருந்தும் பாதுகாப்பு வழிமுறைகளிலிருந்தும் விலக்கு ஆகாது என்பதை அலுவலர்கள் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

சட்டத்தினும் வலிமை வாய்ந்தது ஊரின் உடன்பாடு. மழைமறைவுப் பகுதியில் அமைந்த மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு இடுவதில்லை என்றும், கரும்பு போன்ற மிகை நீர்ப் பயிர்களைத் தவிர்ப்பதென்றும் கிராம சபையில் முடிவு செய்தது. மழை அளவைக் கொண்டு ஆண்டுதோறும் நீர்க் கணக்கிட்டு, அதற்கேற்பப் பயிரிட்டது. அங்கே திறந்த கிணறுகளில் நீர் மீண்டது.

வீட்டளவிலும் இக்கணக்கு இயலும். 600 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் 100 சதுர மீட்டர் கூரை, இழப்பு ஐந்தில் ஒரு பங்கு போக, 48,000 லிட்டர் நீரைத் தரும். நாம் மேலே கண்ட குடும்பத்தின் ஆண்டுத் தேவை ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அதில் ஏறத்தாழ பாதியைக் கூரையே திருப்பித் தர வல்லது. முதல் மழையை விலக்கி, மணலும் சரளையும் இட்ட குழியில் வடிகட்டி நிலத்தில் இறக்க வேண்டும். முற்றத்து அழுக்கு நீரைத் துளைக்குள் நேரே விடுதல் ஒருபோதும் கூடாது.

அலுவலரும் மாணவரும் செய்யத்தக்கவை

ஊராட்சி அலுவலகத்தில் துளைப் பதிவேடு ஒன்று இருக்குமானால், மேற்கூறியவற்றில் பெரும்பகுதி எளிதாகும். இடம், ஆழம், உறைக்குழாயின் நீளம், நீர் வந்த மட்டங்கள், சோதனையின் அளவு, நீரின் தரம், வற்றியதெனில் நிரப்பிய நாள் ஆகிய ஏழு விவரங்கள் போதும். மே மாதத்திலும் நவம்பரிலும் சில கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதும் பணியை உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். கயிறும் அளவு நாடாவும் அதற்குப் போதுமான கருவிகள். பத்தாண்டுகளில் அந்த ஏடு, அவ்வூர்ப் பாறையின் இயல்பை எந்த வல்லுநரினும் தெளிவாகக் காட்டும். அடுத்துத் துளையிட வரும் ஏழைக் குடும்பம், ரிக் வண்டியை அழைப்பதற்கு முன்னர் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்க முடியுமானால், அதன் சேமிப்பில் ஒரு பகுதியேனும் மண்ணுக்குள் வீணே போகாமல் காக்கப்படும்.